வண்டியை விட்டு இறங்காத சீர்

அந்தோணிமேரி தாய்வீட்டுச் சீரை எட்டி உதைத்துவிட்டாள் என்பதுதான் கத்தாரில், தோகாவில் வேலை பார்க்கும் எனக்கு வந்து சேர்ந்த செய்தி. சொன்னவன் அறந்தாங்கிக்காரன் திருமுருகன், என் அறையில் தங்கியிருப்பவன். அவனுக்குச் சொன்னது அவன் மனைவி. அவளுக்குச் சொன்னது விராலிமலையில் இருக்கும் நாத்தனார்.

"ஒங்க அக்கா கார் கேட்டாங்களாம்ப்பா. பியானோ வந்து நின்னதும் வண்டியிலேருந்து உதைச்சுத் தள்ளிட்டாங்களாம். சாமியார் முன்னாடியே."

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

அந்தோணிமேரி என் பெரியம்மா மகள். ஆவூரில் இருக்கிறாள். கீரனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தும் வேலை; போக வர டவுன் பஸ். அவள் கார் கேட்டாள் என்று சொல்கிற வாய், அவளிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருக்காது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அழுத்தினால் விரலுக்குக் கனம் தெரிகிற கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோ.

ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவள் அவள்தான். முப்பத்தைந்து வயதுக்குமேல் பியானோ கிரேடு பரீட்சைகளை எழுத ஆரம்பித்தாள். திருச்சியில் பரீட்சை அறைக்கு வெளியே பெஞ்சில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பாள். யாரோட அம்மா நீங்க என்று கேட்டால், "எனக்கு நானே அம்மா" என்பாள். அப்படியே ஏழு கிரேடு தேறிவிட்டாள். எல்லாம் வீட்டிலிருந்த பழைய கீபோர்டில் பழகியது. அதன் கட்டைகள் பிளாஸ்டிக், அடியில் ஸ்பிரிங், தொட்டால் அமுங்கும்.

கடைசிக் கிரேடான எட்டாவதில் அது காலை வாரிவிட்டது. பரீட்சை அறையில் எப்போதும் நிஜப் பியானோதான்; முந்தின கிரேடுகளில் எப்படியோ சமாளித்துவிட்டாள். இந்த முறை சத்தம் அடக்கி வாசிக்க வேண்டிய இடத்தில் இவள் விரல் அழுத்தம் போதாமல் சில ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை. பாட்டில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. போன வருஷம் தோற்றாள். புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை வேலை அவளுக்காகவே காத்திருக்கிறது, எட்டாவது கிரேடு சான்றிதழ் கொண்டுவந்தால். மறுபரீட்சை அடுத்த மாதம்.

புது வீடு கட்டி முடித்திருந்தாள். சாமியார் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளிக்கும் வீடு மந்திரிப்புக்குத் தாய்வீட்டுச் சீர் செய்ய வேண்டியவன் அவள் கூடப்பிறந்த அண்ணன் மரியசூசை, குவைத்தில் இருக்கிறான். பீரோ, பிரிட்ஜ் எதுவும் வேண்டாம், பியானோ போதும் என்று அவனிடம் சொன்னாள். சரி, பார்த்துவிட்டுச் சொல் என்றான். நான் அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்தேன். திருச்சிக் கடைக்கு அவளோடு நான்தான் போனேன்.

கடைக்காரப் பையன் ஒவ்வொரு கேள்வியையும் என்னிடமே கேட்டான். சாருக்கு எந்த மாடல் வேணும், சார் பட்ஜெட் என்ன, சாருக்கு ரிதம் நிறைய இருக்கணுமா. அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"தம்பி, வாசிக்கப் போறது நான். இவன் பொட்டி தூக்க வந்தவன்."

பிறகு அவள் செய்ததைப் பார்த்து அவன் முழித்தான். சத்தத்தைச் சுத்தமாகக் குறைக்கச் சொன்னாள். சத்தமே இல்லாத பியானோவில் ஒரு முழுப் பாட்டை வாசித்தாள். கட்டை கீழே போய் முட்டும் ஓசையை மட்டும் கேட்டாள். ஒரே கட்டையைப் பாதிவரை எழவிட்டு மறுபடி அழுத்தினாள். இடது பக்கத்துக் கட்டைகள் கனமாகவும், வலப்பக்கம் போகப்போக லேசாகவும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். அப்புறம்தான் சத்தம். ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பெடலை மிதித்து, அது தேய்ந்து அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒன்றில் சத்தம் சட்டென்று அறுந்தது, வேண்டாம் என்றாள். இன்னொன்றில் சத்தம் அருமை, கட்டை தொளதொள; அதுவும் வேண்டாம். மூன்றாவதில் நின்றாள். கறுப்பு. எந்த அலங்காரமும் இல்லை. கட்டையின் மேல்பக்கம் லேசாகச் சொரசொரத்தது. நம்ம ஊர் வேர்வைக்கு விரல் வழுக்காது என்று சொல்லிச் சிரித்தாள். மாடல் பெயரை அண்ணனுக்கு அனுப்பிவிட்டு இருவரும் பரோட்டா சாப்பிட்டோம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

மரியசூசை கடைக்கு வீடியோ காலில் பேசியிருக்கிறான். அவள் சொன்ன கறுப்பையும், பக்கத்திலிருந்த வேறொரு வெள்ளையையும் காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கிறான். போன் ஸ்பீக்கரில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டதாம். வெள்ளையை எடுத்துவிட்டான். எனக்கு அவன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இன்னும் இருக்கிறது.

"நாஞ் செய்யிற சீரு ஊரு பாக்கணும்டா. அவ சொன்னது கறுப்பா, மொட்டையா, சவப்பொட்டி மாதிரி நிக்கிது. மந்திரிக்கிற வீட்டுக்குள்ள அதையா தூக்கிட்டு வரச் சொல்ற? இதுல எழுநூறு சவுண்டு இருக்கு. லைட்டு எரியுது. தவிலு கூட இருக்கு."

தவில் வாசித்து எட்டாவது கிரேடு தேறப் போகிறாளா அவள்?

திருமுருகன் சொன்னதைக் கேட்ட பிறகு, மந்திரிப்பு அன்று என்னதான் நடந்தது என்று அவளிடமே போனில் கேட்டேன். யாரும் எதையும் உதைக்கவில்லை. கோயில் வாசலிலிருந்து பேண்டு செட்டோடு சீர் வந்திருக்கிறது. முன்னால் பெண்கள் பழத்தட்டோடு. பின்னால் குட்டியானை லோடு வண்டியில் சீரியல் லைட் சுற்றிய வெள்ளைப் பியானோ. வாசலில் சாமியார் தீர்த்தச் செம்போடு நின்றார். அவள் படியிறங்கி வண்டிப் பக்கம் போய் ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். கரண்டே இல்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. பழைய கீபோர்டின் அதே ஸ்பிரிங், பால்பாயிண்ட் பேனாவைப் போல டக்கென்று மேலே வந்தது.

"இது நான் பாத்தது இல்ல. எறக்காதீங்க."

பேண்டு நின்றுவிட்டது. குவைத்தில் இருக்கும் மகனுக்காகச் சீரைக் கொண்டுவந்த பெரியப்பா, அவள் அப்பாதான், அண்ணன் சீருடி, ஊரே நிக்குதுடி என்று பல்லைக் கடித்தார்.

"அப்ப ஊரு வாசிக்கட்டும்."

இவ்வளவுதான் அவள் பேசியது. சாமியாரை உள்ளே அழைத்து மந்திரிப்பை முடித்து, வந்தவர்களுக்குப் பிரியாணி போட்டு அனுப்பினாள். அந்தப் பிரியாணியைத் தின்றுவிட்டுப் போன வாய்கள்தான் உதைத்தாள் என்றும் கார் கேட்டாள் என்றும் விராலிமலைவரை பரப்பியிருக்கின்றன. தனக்கு வேண்டாததை வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அது இவர்களுக்குத் திமிர். தங்கை கேட்டதை விட்டுவிட்டு ஊர் கண்ணுக்குப் பளபளவென்று எதையோ இறக்கினால் அது பாசம். 

வெள்ளைப் பியானோ இப்போது கோயில் மண்டபத்தில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. நேற்று கடைக்குப் பேசினேன். மாற்றித் தருகிறோம், ஆனால் பில் யார் பேரில் இருக்கிறதோ அவர் போனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். கறுப்பில் ஒன்றே ஒன்றுதான் ஸ்டாக்கில் மிச்சம் இருக்கிறதாம். இந்த வாரமே வந்தால்கூட விரல் பழக நாள் போதுமா என்று எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அவளுக்கும் பதற்றம்தான், காட்டிக்கொள்ளவில்லை. "நான் அவங்கிட்ட கெஞ்ச மாட்டேன்டா. நீ பேசு, முடிஞ்சா" என்று மட்டும் சொன்னாள்.

காலையிலிருந்து மரியசூசைக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறான்: குட்டியானை மேல் லைட் சுற்றிய வெள்ளைப் பியானோ, கீழே, "அன்புத் தங்கைக்கு அண்ணனின் சீர்." ஆக, போன் அவன் கையில்தான் இருக்கிறது.

மறுபடி அடிக்கிறேன். ரிங் போகிறது. அண்ணே, எடு. ஒரு வார்த்தைதான். எடுண்ணே. ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.