இரைச்சலும் என் கையும்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். கலேவெலயில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இலங்கையில் யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. என் மகளுக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காதவளுக்குச் சத்திரசிகிச்சை செய்து உள்காதில் கருவி வைத்திருந்தோம். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு வயர், தலைமயிருக்குள் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். வீட்டில் அதை மெஷின் என்றுதான் சொல்வோம்.

அவளுக்குப் பேச்சுப் பழக்கியது நான். தினமும் அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொற்களைச் சொல்வேன். பத்துக்குப் பத்து திருப்பிச் சொல்வாள். கிசுகிசுத்தாலும் பிடித்துவிடுவாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பிறகு அவளை என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன். ஒரே நீள மண்டபம், இடையில் சுவர் இல்லாமல் நான்கு வகுப்புகள். அங்கே மூன்று முறை பெயரைக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் கொப்பியைத் திறப்பாள். வீட்டில் கிசுகிசுப்புக் கேட்கிற காதுக்கு இங்கே கத்துவது கேட்காதா? வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். மற்றப் பிள்ளைகள் பார்க்கக் கோடு போடும் அடிமட்டத்தால் அடித்தேன். ஒரு நாள் அடிமட்டம் முறிந்தது. இன்னொன்றை எடுத்து அடித்தேன்.

"ஏன்டி கேக்காத மாதிரி நடிக்கிற?"

"சத்தம் கேக்குதும்மா. பேச்சுத்தான் கேக்கல."

அதற்கும் ஒன்று விழுந்தது.

அன்று அவள் காலில் இருந்த தடிப்பைப் பார்த்து என் கணவர் கத்தினார். "ஆஸ்பத்திரியில சொன்னாங்கதானே, இரைச்சல்ல பிரிச்சுக் கேக்க அவளுக்குக் கஷ்டம்னு. புள்ளய ஏன் கொல்ற?"

"நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்காதீங்க" என்றேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு மாத்தளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டார்கள். அந்த வாரம் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. பஸ் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவடிக்குள் ஜெனரேட்டர் இரைந்தது. புத்தகப் பையோடு எனக்கு முன்னால் நடந்தவளின் பின்னலுக்கடியில் வயரை ஒரு சிப்பாய் கண்டுவிட்டான். "நில்லு!" என்று தமிழிலேயே கத்தினான். அவள் நடந்தாள். மறுபடி கத்தினான். நானும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவள் திரும்பவேயில்லை. அவன் துவக்கை நீட்டினான்.

ஓடிப்போய்ப் பின்னலைப் பிடித்து இழுத்துத் திருப்பி அறைந்தேன். மெஷின் பறந்து போய்ச் சரளைக்கல்லில் விழுந்தது. உதடு கிழிந்தது. மறுபடி அறைந்தேன். மறுபடியும். இவள் வெறும் சொல்வழி கேளாத பிள்ளை என்று சிப்பாய்க்குக் காட்டி உயிரைக் காப்பாற்றினேன் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பச்சைப் பொய். துவக்கு இறங்கிய பிறகும் நான் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிப்பாய்தான் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். "போதும், பிள்ளை செத்துவிடும்" என்று சிங்களத்தில் சொன்னான்.

கையை உதறிக்கொண்டு நான் முதலில் தேடியது மெஷினை. சேலையால் துடைத்து, லைட் எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. அவள் பக்கத்தில் நின்றாள். இரத்தம் வெள்ளைச் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டில் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டுத் தலையாட்டினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துச் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டாள். "என்னடி இது!" என்று சத்தம்தான் போட்டேன். கை தூக்கவில்லை. அவள் மெஷினைத் தானே கழற்றினாள். வயரைச் சுற்றி, உடையாமல், என் கை எட்டாத தூரத்தில் மேசை மேல் வைத்தாள். பிறகு என் முன்னால் வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

அடிக்க மாட்டேன், அடிக்க மாட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.