றாத்தல் என்றால் இங்கே தெரியாது

அன்று போளூர் புளி மண்டியில் இருந்தவர்கள்: நான். மண்டிக்காரர் பாய். கேஸ் கடையில் சிலிண்டர் இறக்கும் சேகர். எங்கள் மலையிலிருந்து புளி விற்க வந்த வெள்ளையன். வேறு யாரும் இல்லை.

பால் பொங்கி வரும் நேரத்தில் அடுப்பு அணைந்துவிடும். இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாதது அதுதான். ஜவ்வாது மலையில் ரோடு போடுகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கிறேன். சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்குக் கிடைத்த கடனில் வைத்த கடை. விறகுக்குப் போனால் காட்டிலாகாக்காரர் மறிக்கிறார். சிலிண்டர் ஒரு மாதம் வந்தால் கடை தாக்குப் பிடிக்கும். எனக்கு மூன்று வாரம் தாண்டுவதில்லை.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் இங்கே வந்து இறங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அங்கே கொழுந்தை றாத்தல் கணக்கில் நிறுக்கும்போது கூடைக்கென்று கழிப்பார்கள், ஈரத்துக்கென்று கழிப்பார்கள். அநியாயம்தான். ஆனாலும் கண் முன்னால் நிறுத்தார்கள். தராசு முள்ளைப் பார்த்துச் சண்டையாவது போட்டோம். இங்கே நிறுப்பதே இல்லை. காலியைக் கொடு, நிறைந்ததை எடு. நிறைந்தது என்று அவர்கள் சொன்னால் நிறைந்தது. ஜீப் கிடைக்கும் நாளில்தான் காலியை மலையிலிருந்து கீழே கொண்டுவர முடியும். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அதுவும் அவர்களுக்கே.

போன மாதம் சேகரிடம் சொன்னேன். "தம்பி, நாலஞ்சு றாத்தல் குறையுது."

"ராத்திரில கொறையுதா? ரெகுலேட்டரை மூடிட்டுப் படும்மா."

"ராத்திரி இல்ல தம்பி, றாத்தல். எடை."

"அதான் சொல்றேன், ராத்திரில தொறந்து வுட்டா எடை கொறையாம இன்னா பண்ணும்?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். அந்த மாதமும் மூன்று வாரம்தான்.

இந்த முறை புதுச் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். "நிறுத்துக் குடு. கிலோவிலயே நிறு."

"எங்க தராசு ரிப்பேரு" என்றான் சேகர். "டெய்லி உன்னோட ரோதனையா பூட்ச்சி. எதிர்ல பாய் மண்டி இருக்குது, தூக்கினு வா. கொறைஞ்சா வேற தர்றேன். கொறையலன்னா கேஸ் கார்டை இங்கியே வெச்சிட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது."

சரி என்றேன். கார்டு போனால் கடையும் போகும். தெரிந்துதான் சொன்னேன்.

மண்டியில் புளி மூட்டை தொங்கவிடும் பெரிய தராசு. தட்டு, சங்கிலியில் ஆடும் பலகை. சிலிண்டரை வைத்தால் சாய்ந்தது. பாய் பதறிப் போனார். "அரே, உருண்டு வெடிச்சா என் மண்டி பூடும்! யாராவது பலகையில குந்தி அதைக் கட்டிப் புடிச்சிக்கங்க. அப்பால ஆளைத் தனியா நிறுத்துக் கழிச்சிக்கலாம்."

சேகர் மாட்டேன் என்றான். நான் ஏறி உட்கார்ந்து சிலிண்டரைக் கட்டிக்கொண்டேன். இரும்பு சில்லென்று இருந்தது. அங்கே கூடையைக் கழித்தார்கள். இங்கே கழிவு நான்.

இரண்டும் சேர்ந்து எழுபத்தொரு கிலோ. சிலிண்டர் வளையத்தில் அடித்திருந்த வெறும் இரும்பின் எடை பதினாறு. உள்ளே இருக்க வேண்டிய கேஸ் பதினான்கு. பாய் விரல் மடக்கிச் சொன்னார்: "நீ நாப்பத்தொண்ணு இருந்தா கேஸ் சரிம்மா. அதுக்கு மேல எவ்ளோ இருக்கியோ, கேஸு அவ்ளோ கொறைவு."

சிலிண்டரை இறக்கிவிட்டு மறுபடி ஏறினேன்.

"சிலோன்காரம்மா, காலைல களி துன்னியா? துன்னாம வந்திருந்தா போச்சு" என்றான் வெள்ளையன்.

"மூச்சை இழுத்துப் புடிக்காத" என்றான் சேகர். அவனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

கப்பல் ஏறும் முன் என்னை நிறுத்து, றாத்தலில் எழுதி அனுப்பினார்கள். கிலோவில் நான் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. வந்து ஏழு வருடம். இந்த மண்ணில் என்னை நிறுத்தது அன்றுதான். காலுக்குக் கீழே தரை இல்லை. பலகை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆடியது. பாய் எதிர்த்தட்டில் ஒவ்வொரு எடைக்கல்லாக வைத்தார். ஆட்டம் நின்றது. கல்லைக் கூட்டிச் சொன்னார்.

நாற்பத்து நான்கு கிலோ.