ஓரகத்தியின் மெடல்

பேனரை ஊர் முனையில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கட்டியிருந்தார்கள். உத்திரமேரூரிலிருந்து வருகிற யார் கண்ணிலும் படாமல் போகாது. பிரபா மெடலைப் பல்லில் கடித்தபடி சிரிக்கிறாள். தலைக்கு மேலே மஞ்சள் எழுத்தில் ‘சென்னை ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் வென்ற எங்கள் ஊர் வீராங்கனை’. ஏற்பாடு, வார்டு மெம்பர் தினகரன். கீழ் வரிசையில் வாழ்த்தும் குடும்பத்தார், ஸ்டாம்பு அளவில். அதில் மூன்றாவது முகம் கல்பனா. ஆதார் கார்டிலிருந்து எடுத்த படம். ஒரு கண் பாதி மூடியிருந்தது.

கல்பனா அந்த வீட்டின் மூத்த மருமகள், பிரபா இளையவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பிரபாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. அந்தக் கம்பெனிதான் பெண்கள் சிலருக்கு ஒரே நிற டி-ஷர்ட் மாட்டிவிட்டு, சென்னையில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கூட்டிப்போனது. கல்பனா இரண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். மற்ற நேரம் கழனி வேலை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் வட்டார அளவில் முதலாவதாக வந்தவள். இந்த வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மாமியார் ஆண்டாளம்மாள் மெடலைப் பெருமாள் படத்தில் மாட்டினார். ஓடுகிற பெண் என்று பிரபாவுக்குத் தினமும் காலையில் ஒரு முட்டை வேகவைக்கத் தொடங்கினார். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கப் பிரபாவைத்தான் கூப்பிட்டார்கள். கல்பனா கூட்டத்தில் நின்று கை தட்டினாள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள், சென்னையில் அத்தனை பேரில் குறைந்தது மூன்றாவதாக வந்திருக்கிறாள் என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. மெடல் என்றால் முதல் மூன்று பேருக்குத்தான். ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.

அன்று மாலையே, குட்டியானை வண்டி ஓட்டும் கணவன் ஜெகனிடம் சொன்னாள், தனக்கும் ஒரு ஓட்டத்துக்குப் பேர் கொடுக்க வேண்டும் என்று. அவன் செல்போனில் தேடிவிட்டு, பத்து கிலோமீட்டர் போதுமா என்று கேட்டான்.

“அவ ஓடன அதே பத்தா? பெருசா இன்னா கீதோ அதப் போடு.”

நாற்பத்திரண்டும் இருந்தது. ஜெகன் இரக்கப்பட்டு இருபத்தொன்றில் பேர் கொடுத்தான். ஓட்டம் டிசம்பரில்.

பிரபாவைப் பார்த்து ஓடுகிறாள் என்று பேர் வந்துவிடக் கூடாது. அதனால் வீட்டில் ஒரு பொய் சொன்னாள். சர்க்கரை லேசாக எட்டிப்பார்க்கிறதாம், டாக்டர் தினமும் வேகமாக நடக்கச் சொன்னாராம். பால் ஊற்றிவிட்டு ஏரிக்கரைக்குப் போவாள். மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்த ஷூவை மாட்டிக்கொள்வாள். முதல் நாள் பாதிக் கரை தாண்டவில்லை. விலாவில் குத்து எடுத்து வேலிக்காத்தான் புதர் ஓரம் குந்திவிட்டாள். மறுநாள் அந்தப் புதரைத் தாண்டினாள். மூச்சு முட்டும்போதெல்லாம் வெந்த முட்டையை நினைத்துக்கொள்வாள். கால் தானாக நகரும்.

பொய்க்கும் விலை இருந்தது. ஆண்டாளம்மாள் அவளுக்குச் சர்க்கரை இல்லாத காப்பியும் கேழ்வரகுக் களியுமாகக் கொடுத்தார். தீபாவளிக்கு அதிரசம் சுட்டது கல்பனா. தின்றது பிரபா.

“இந்த வாட்டி வாசனையே தூக்குதுக்கா. உங்களாலதான் துன்ன முடியல, பாவம்” என்றாள்.

மறுநாள் கல்பனா ஏரிக்கரையை ஒரு சுற்று கூடுதலாக ஓடினாள். மழை பிடித்துக் கரை சேறானதும் தார்ச்சாலைக்கு மாறினாள். கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு முன்பே திரும்பிவிடுவாள்.

ஓட்டத்துக்கு முந்தின மாலை, தாம்பரத்தில் இருக்கும் கல்பனாவின் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவளும் ஜெகனும் புறப்பட்டார்கள். விடிவதற்குள் சென்னைக் கடற்கரைச் சாலையில் அத்தனை கூட்டம். கல்பனா இடித்துப் புகுந்து முதல் வரிசையில் போய் நின்றாள். கொடி அசைந்ததும் பள்ளிக்கூடத்தில் ஓடியது போலவே பாய்ந்தாள். கொஞ்ச தூரம் வரை முன்னால் ஒரு பெண்ணும் இல்லை. அப்புறம் ஒருத்தி தாண்டினாள், பிறகு நாலு பேர், பிறகு எண்ண முடியவில்லை. காதில் பாட்டு மாட்டியிருந்த இரண்டு பெண்கள் ஏதோ கதை பேசிக்கொண்டே அவளைக் கடந்து போனார்கள்.

பாதித் தூரம் போய்த் திரும்பி ஓடிவரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடைபாதை ஓரம் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுக்க நின்றிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி ஓடிவந்து காலில் மருந்து அடித்தாள். தனக்கு முன்னால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கல்பனா கேட்டாள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்றாள் அந்தப் பெண்.

“அப்ப மெடலு போச்சு.”

“அது எப்படிக்கா போகும்? முடிக்கிற எல்லாருக்கும் மெடல் உண்டு. பத்து கிலோமீட்டர் ஓடினாலும் உண்டு.”

கல்பனா அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எல்லாருக்கும்தானா? கடைசியில் வருகிறவருக்குமா? ஆமாம் என்றதும் எழுந்து நின்றாள். கால் வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்த விஷயத்தை ஊருக்குள் கொண்டுபோய் எங்கே, யார் முன்னால் அவிழ்ப்பது என்ற யோசனை அவளை இழுத்துக்கொண்டு போனது. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலிலா, பால் சொசைட்டியிலா? நொண்டினாள், நடந்தாள், கடைசித் திருப்பத்தில் மறுபடி ஓடினாள். கோட்டைத் தாண்டியதும் ஒரு பையன் அட்டைப்பெட்டியில் கைவிட்டு ஒரு மெடலை எடுத்து அவள் கழுத்தில் போட்டான். பக்கத்தில் பிரிக்காத பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

ஜெகன் அதற்குள் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ஆண்டாளம்மாள் போனில் அழுதார். சர்க்கரையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடினாளா என்று கேட்டுக் கேட்டு அழுதார்.

வண்டி செங்கல்பட்டு தாண்டும்போது கல்பனா விஷயத்தைச் சொன்னாள். ஜெகன் சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

“நானுந்தான் பாத்தேன் அந்தப் பொட்டிங்கள. நல்லா யோசிச்சிக்கோ. நீ வாயத் தொறந்தா அவுளுது போவும். கூடவே உன்னுதும் போவும்.”

அவள் மெடலைப் புரட்டிப் பார்த்தாள். கனமாகத்தான் இருந்தது. நாலு மாத ஓட்டம். ஆயிரத்து எத்தனையாவதோ ஒருத்தி என்று தெரிந்தால் அடுத்த பேனரில் அவள் முகம் திரும்பவும் ஸ்டாம்பு அளவுக்குப் போய்விடும். மெடலைக் கழற்றாமலே வீடு வந்து சேர்ந்தாள்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்றவள் பிரபா. கல்பனாவின் கழுத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கல்பனாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது பிரபாவுக்குப் புரிந்துவிட்டது. தட்டில் சிவப்புத் தண்ணீர் தளும்பியது.

மெம்பர் தினகரன் காதில் போனோடு முன்னால் வந்தார். மறுமுனையில் உத்திரமேரூர் பேனர் கடைக்காரர்.

“கல்பனா, எத்தினியாவது எடம்னு போடச் சொல்லட்டும்? பிரபாவுக்கு அப்ப கேக்காம வுட்டுட்டேன். இப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே போட்டுடலாம்.”

பிரபா தட்டைச் சுற்றுவதை நிறுத்திவிட்டாள்.

கல்பனா அவளை நேராகப் பார்த்தாள். வேண்டிய மட்டும் பார்த்தாள்.

“எடமெல்லாம் வேணாண்ணா. தூரத்தப் போடச் சொல்லுங்க” என்றாள். “எனக்கு இருபத்தொண்ணு. அவுளுக்குப் பத்து. நம்பரு ரெண்டும் நல்லா பெருசா தெரியணும்.”

பிரபா மூச்சு விட்டாள். அடுத்த நொடி, அந்த இரண்டு எண்ணும் மனதில் ஏறியதும், அவள் முகம் சுண்டிப்போனது. அந்த முகம் கல்பனாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஆகஸ்டிலிருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆரத்தியைத் தெருவில் கொட்டிவிட்டுப் பிரபா உள்ளே போய்விட்டாள். கல்பனாவால் வாசற்படி ஏற முடியவில்லை. தொடை இரண்டும் மரத்துப்போயிருந்தன. கூப்பிட்டால் பிரபா வந்து கை கொடுப்பாள். கல்பனா கூப்பிடவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுப்பவர்களுக்கு முகம் காட்டியபடி வெளியிலேயே நின்றாள்.