கையில் ஒன்றும் படாத நச்சியல்

1. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் நான் வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனைக் கூடத்தில், என்னைப் போல டிப்ளோமா மட்டும் உள்ளவர் அறிக்கையில் கையெழுத்திட முடியாது என்றார்கள். சோதனை முழுவதையும் அவரே செய்யலாம்.

2. அதனால் நச்சியலில் ஒரு பட்டம், என் சம்பளத்துக்குள் அடங்குவதாக, வாங்கிவிட முடிவெடுத்தேன்.

3. கல்விக் கண்காட்சிக்குப் போனேன். துணிப்பை, பேனா, சாவிவளையம் கிடைத்தன. பாடத்திட்டம் கிடைக்கவில்லை.

4. உறவினர்கள் கேட்டால் "பார்மசி மாதிரி" என்று சொல்லச் சொன்னார் உம்மா. விஷம் படித்த பெண்ணின் கையால் யார் டீ வாங்கிக் குடிப்பார் என்பது அவர் கவலை.

5. ஒப்பிட்டுப் பார்க்க அட்டவணை போட்டேன். கட்டணம், ஆண்டுகள், வகுப்பு நேரம், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம், ஹலால் கேன்டீன் என்று பல கட்டங்கள்.

அட்டவணையில் முதலிடம் பிடித்த, வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கும் வெளிநாட்டுப் பட்டத்துக்குத் தேக்காவில், நகைக்கடை மாடியில் ஒரு முகவர் இருந்தார். வாப்பாவும் கூட வந்தார். ஜாலான் புசாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சொன்ன விலைக்கு எதையும் வாங்குவதை அவமானமாக நினைப்பவர்.

"டாக்ஸிகாலஜியா? சூப்பர் சாய்ஸ், சிஸ்டர்" என்றார் முகவர். என்ன பாடம் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

வாப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "கடைசி விலை என்ன தம்பி?"

"அங்கிள், இது யுனிவர்சிட்டி ஃபீஸ். குறைக்க முடியாது."

"சரி, நாங்க கெளம்புறோம்."

வாசல் வரை போவதற்குள் 'முன்பதிவுச் சலுகை' என்று ஒன்று பிறந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும், தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் என்று இன்னொன்று. வாப்பாவின் முகம் பெருநாள் பிறை பார்த்ததுபோல் ஆனது. முகவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

வேலையில் எந்தப் புட்டியைத் திறப்பதற்கு முன்பும் அதன் பாதுகாப்புத் தாளைப் படிப்போம். அந்தப் பழக்கத்தில் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பினேன். ஆய்வகம் என்ற சொல்லே இல்லை.

"லேப் எங்க நடக்கும்?"

"அதுவும் ஆன்லைன்தான் லா. வீடியோல பாத்துக்கலாம். கையில ஒண்ணும் படாது, சிஸ்டர். பொண்ணுங்களுக்கு ரொம்ப சேஃப்."

என் அட்டவணையில் கேன்டீனுக்குக் கட்டம் இருந்தது, ஆய்வகத்துக்கு இல்லை. வீடு பார்க்கப் போகிறவர் தரை இருக்கிறதா என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்தே என் மேலாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில் உடனே வந்தது: ஆய்வக நேரம் இல்லாத பட்டத்துக்குக் கையெழுத்து உரிமை கிடையாது. பேனாவை மூடினேன்.

வாப்பா இன்னும் பேரத்திலேயே இருந்தார். "லேப் இல்லன்னா அந்தக் காச கழிச்சிடுங்க தம்பி."

முகவர் கால்குலேட்டரை எடுத்தார். கழிக்கவும் தயாராக இருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வேணாம் வாப்பா. இத வச்சு நான் கையெழுத்துப் போட முடியாது."

ரயிலில் வாப்பா, "அவ்ளோ கொறச்சிருந்தேன்" என்றார், என்னிடம் இல்லை, ஜன்னலிடம்.

இப்போது அட்டவணையில் ஆய்வகம்தான் முதல் கட்டம். அதில் மிஞ்சியது உள்ளூரில் ஒரு பகுதிநேர வேதியியல் பட்டம். கடைசி ஆண்டில் நச்சியல் உண்டு, சனிக்கிழமைகளில் ஆய்வகம் உண்டு. விலை அதிகம், சலுகை இல்லை. விண்ணப்பித்திருக்கிறேன், பதில் வரவில்லை. இன்று மீனில் பாதரசம் சோதித்தேன். அறிக்கையில் மேலாளர் கையெழுத்திட்டார்.