மூச்சு படாமல்

இன்றைக்குக் கல்முனைக்குடிக் கடற்கரையில் யாரோ தோணி எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்ற, அந்த மணத்தோடு எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடம் வந்துவிட்டது. அது நின்ற இடத்தில் இப்போது அடம்பன்கொடிதான் படர்ந்து கிடக்கிறது. மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குள் கிடக்கும் சோடியத்தை டீச்சர் இடுக்கியால் எடுத்து, ஒற்றித் துடைத்து, கத்தியால் வெட்டுவார். வெட்டிய முகம் வெள்ளியாய் மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் பூத்துவிடும்.

“காத்துல இரிக்கிற ஒட்சிசனும் ஈரமும் அதோட சேர்ந்து, மேல தோல் மாதிரிப் படியிது” என்பார் டீச்சர்.

“அப்ப நம்மட மூச்சுதான் புள்ள அதக் கெடுக்கிற” என்று என் கூட்டாளி றிஸ்னா காதுக்குள் சொன்னாள். அது வகுப்பெல்லாம் பரவி, அடுத்த தடவை வெட்டும்போது அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். எங்களைக் கொஞ்சமும் மதிக்காமல் அது மங்கியது.

சுனாமி அந்த ஆய்வுகூடத்தையும் றிஸ்னாவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. அவளின் மையித்தை அடக்க எடுக்குமுன், உடலைச் சுற்றியிருந்த கபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். எப்போதும் மின்னிக்கொண்டிருந்த முகத்தில் சாம்பல் நிறம் படிந்திருந்தது.

“அழுதிரு மகள்” என்று உம்மா என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.