செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆவல

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது. காலை ஐந்தரை மணி. சாவியைத் திருப்பினேன், செல்ஃப் மோட்டார் கர்ர் கர்ர் என்று சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. அப்பாடா, இன்றைக்குப் போக வேண்டாம் என்றது உடம்பு. அடுத்த நொடியே மறுபடி சாவியைத் திருப்பினேன். போகாவிட்டால் நைனா என்ன ஆவார்?

நைனா என் அப்பா. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் செஞ்சியிலிருந்து விழுப்புரம் போய் டயாலிசிஸ். ஏழு மணிக்குக் கட்டில் கொடுப்பார்கள், ரொம்பத் தாமதமானால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் ஒரே ஒரு முறை தவறவிட்டோம். மறுநாள் முகம் வீங்கி, படுத்தால் மூச்சு வராமல், விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். அதைப் பார்த்த பிறகு இன்னொரு முறை தவறவிட எனக்குத் தைரியம் கிடையாது.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் டைப் அடிக்கிற வேலை. டயாலிசிஸ் நாட்களில் மதியம் திரும்பி வந்து மிச்சத்தை அடிப்பேன். ராத்திரி நைனாவுக்குக் கால் குறண்டி இழுக்கும், எழுந்து தேய்த்துவிட வேண்டும். தேய்த்து முடித்தால் அரிப்பு என்பார். இப்படியே பதினொரு மாதம். ஒரு கட்டத்துக்கு மேல் தூக்கம் என்பது எனக்கு எப்போதோ சாப்பிட்ட பலகாரத்தின் பெயர் போல ஆகிவிட்டது.

அன்று சனிக்கிழமை. நைனா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு, நான் எழுந்திருக்கும் முன்பே தயார். முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். கண் மங்கிப்போனதால் டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் தெருவில் எந்த வண்டி இருமினாலும் உள்ளே படுத்தபடியே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த வண்டி கதறும்போது வாயைத் திறக்கவில்லை. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் எழுந்து வந்து இன்னான்னு பாரேன் நைனா."

"செல்ஃப் அடிக்குது இல்ல. அப்ப பேட்டரி நல்லாதான் இருக்குது" என்றார். பிறகு, "பஸ்ஸுக்குப் போய்டலாமா பாப்பா?" என்றார்.

"பஸ்லயா? வரும்போது உன்னால நிக்க முடியுமா? உயிர வாங்காம சும்மா இரு."

ஹாரன் அடித்துப் பார்த்தேன், தெரு எழுந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்ரோல் முள் பாதியில் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்துத் திருப்பினேன், மிதிக்காமல் திருப்பினேன், திட்டிக்கொண்டே திருப்பினேன். சுற்றுகிற வேகம் குறைய ஆரம்பித்ததும் பயம் வந்து, மெக்கானிக் பாயைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தெருதான். காலைத் தொழுகையை முடித்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் டூல்ஸ் பையோடு வந்தார்.

"மொதல்ல கைய எடும்மா. பேட்டரியையும் கொன்னுடாத" என்று பானெட்டைத் திறந்தார். "செல்ஃப் சுத்துதுன்னா பாதிக் கவலை இல்ல. மிச்சம் மூணுதான். கரண்டு, காத்து, பெட்ரோல்."

ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, துணியால் பிடித்து இன்ஜின் மேல் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சுற்று அடிக்கச் சொன்னார். பிளக்கின் முனையில் நீலமாகத் தெறித்தது. கரண்டு வருகிறது. ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினார். கல் குவாரி லாரிகள் கிளப்புகிற புழுதி கொட்டியது, ஆனால் அடைப்பு இல்லை. பிறகு பின்கதவைத் திறந்து, பின் சீட்டில் காதை வைத்துப் படுத்தார்.

"சாவிய ஒரு கட்டம் மட்டும் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத."

திருப்பினேன். சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்பு இரண்டு நொடி வண்டு மாதிரி ஙொய் என்று முனகும். தினமும் கேட்கிற சத்தம், கேட்கிறோம் என்றே தெரியாமல். அன்று அது இல்லை. இரண்டாவது முறையும் இல்லை.

"பம்பு போய்டுச்சா பாய்?"

"போயிருந்தா இன்னிக்கி ஆவாது. இங்க கெடைக்காது" என்றார். செல்போனைப் பார்த்தேன். மணி ஆறு ஐந்து. "இரு, ஃப்யூஸ பாக்காம எதுவும் சொல்லக் கூடாது."

பேட்டரி பக்கத்தில் இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தை அடித்து உற்றுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எரிஞ்சிருக்குதா?"

"எரியறதுக்கு அங்க ஃப்யூஸ் இருந்தாதானம்மா."

பம்புக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது. மற்றதெல்லாம் வரிசையாக இருந்தன. பாய் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, ஸ்டாண்டு வேலைய வூட்லயே காட்டிட்டியா?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்து டாக்சிகளில் ரோட்டர் என்று ஒரு துண்டு இருக்கும், கட்டைவிரல் அளவு. அதைப் பிடுங்கிவிட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. செஞ்சி டாக்சி ஸ்டாண்டில் எவனாவது ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்து, உடனே அடுத்த சவாரிக்குக் கிளம்பினால், நைனா அவன் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அவன் வந்து கண்டபடி திட்டுவான். திட்டி முடித்ததும், "போய்த் தூங்கிட்டு வா, தரேன்" என்பார். பாய் அப்போது அங்கே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், எல்லாம் தெரியும்.

நைனா சட்டைப் பையில் கையை விட்டார். நகத்தளவு நீல ஃப்யூஸ் உள்ளங்கையில் இருந்தது.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "சாவணும்னு முடிவு பண்ணிட்டியா நைனா? நான் எதுக்கு இங்க நாயா அலையறேன்?" என்று கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும் என்று விட்டேன்.

"சாவறவன் அஞ்சு மணிக்கே சட்ட போட்டுகினு உக்காந்திருப்பானா?" என்றார். "பஸ்ஸுக்குப் போவலாம்னு சொன்னேன் இல்ல. ஒரு வாட்டி அடிச்சிப் பாத்துட்டு வந்துடுவன்னு நெனச்சேன். நீ பாய இட்டாந்துட்ட."

"எதுக்கு பஸ்ஸு?"

"வியாழக்கெழம வரும்போது, மண்டகப்பட்டு தாண்டி கண்ண மூடிட்ட."

"வெயிலு. கண்ணு கூசிச்சி. அன்னிக்கே சொன்னேன்."

சொல்லியிருந்தேன். ஓரமா நிறுத்து பாப்பா என்று அவர் சொன்னதற்கு, நான் ஒண்ணும் தூங்கல, வாய மூடிகினு வா என்று எரிந்து விழுந்திருந்தேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"கூசல. தூங்கிட்ட" என்றார். "தட்டி எழுப்பனா பதறிப் போய் ஸ்டியரிங்க இழுத்துடுவ. அதான் நான் இந்தக் கையால ஸ்டியரிங்க புடிச்சிகினேன். புடிச்சிகினு எண்ணினேன். நீ கண்ணத் தொறக்கறதுக்குள்ள அஞ்சு வரைக்கும் வந்துச்சி."

இதை நான் அறியவே இல்லை. அவர் கை ஸ்டியரிங்கில் இருந்ததுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"எதுக்க வண்டி எதாவது வந்துச்சா?"

"லாரி வந்துச்சி."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, வெட்கமும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் அசதி. பாய் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ துடைத்தார். "ராத்திரியெல்லாம் ஒன் தூக்கத்த கெடுக்கறதே நான்தான். பகல்ல ஒன்ன எப்பிடித் திட்டறது" என்றார் நைனா. யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி மருந்துப் பையைப் பார்த்துச் சொன்னார்.

பாய் ஃப்யூஸை வாங்கி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டு முனகியது, அடுத்த திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. "ஏறுங்க, நான் ஓட்டறேன். எனக்கும் விழுப்புரத்துல ஸ்பேர் வாங்கற வேலை இருக்குது" என்றார். இருந்ததோ இல்லையோ, நான் கேட்கவில்லை. ஊர் எல்லை தாண்டியதுகூடத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில்தான் கண் விழித்தேன். பத்து நிமிடம் தாமதம், கட்டில் கிடைத்தது.

அன்று வீடு திரும்பியதும் நைனா பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஃப்யூஸைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை அவர் முன்னால் போய்க் கையை நீட்டினேன். முந்தைய ராத்திரி மூன்று முறை கால் இழுத்திருந்தது.

"தூங்னியா?" என்றார்.

தூங்கினேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கார் என்றால் அவர் சாய்ந்துகொண்டு வரலாம். பஸ் என்றால் திரும்பும்போது ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்துவிட்டுத்தான் ஏற முடியும். ஆனால் பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டும்.

"இல்ல நைனா" என்றேன்.

நீட்டிய கையில் மருந்துப் பையைக் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். விழுப்புரம் பஸ்ஸில் இடதுபக்கம் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கை என் மேல் படாமல் இருக்க, ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். என்னை வலதுபக்கம் உட்காரச் சொல்லி, தன் வலது தோளை என் பக்கம் கொஞ்சம் இறக்கினார். டிரைவர் வண்டியை எடுத்தார்.

"சாஞ்சிக்கோ, தூங்கு" என்றார். "ரோட்ட நான் பாத்துக்கறேன்."