பேனாவுக்குள் மூன்று பித்தளைத் தகடுகள்

சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். மாடிப்படியின் கடைசிப் படிக்கு ஒரு மரத்துண்டு தெறித்து வந்து நின்றது. சுண்டுவிரலின் பாதி நீளம், நடுவில் துளை. குனிந்து எடுத்தபோது சூடாக இருந்தது.

"சார், மூஞ்சில படலியே?" என்று கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

புதுவாயலில் நான் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே ஒரு டர்னரின் குடும்பம். கணவருக்குத் தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் வேலை. வீட்டுக்குப் பின்னால், மாடிப்படியை ஒட்டிய தகரக் கொட்டகையில் பழைய சிறிய லேத், அதாவது கடைசல் இயந்திரம் ஒன்று வைத்திருந்தார். ஒரு வாரமாக அதில் பேனா செய்ய முயன்றுகொண்டிருந்தார். சீமைக்கருவேலத் துண்டு, பித்தளைத் தகடு, பைன் துண்டு, மறுபடி தகடு என்று அடுக்கி ஒட்ட வேண்டும். காய்ந்ததும் நடுவில் துளையிட்டுக் கடைந்தால், பழுப்பும் வெளுப்புமான உடம்பில் மூன்று மெல்லிய மஞ்சள் வளையங்கள் தெரியும். பைன், தொழிற்பேட்டைக்கு இயந்திரம் வந்திறங்கிய பெட்டியின் பலகை. தகடு, இயந்திரத்தின் கால் உயரம் குறைந்தால் அடியில் சொருகும் ஷிம். மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கனம்.

பேனா அவர் மனைவிக்கு. ரப்பர் பாகம் செய்யும் கம்பெனியில் எட்டு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அவர், திங்கட்கிழமை நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட வேண்டும். அதை இந்தப் பேனாவால் போட வேண்டும் என்பது கணவரின் பிடிவாதம். உடைந்தது மூன்றாவது. பசை இறுகவே ஒரு நாள் ஆகும் என்பதால், நான்காவதுதான் கடைசி.

"கம்ல கோளாறு, சார். மூணு கம்பெனி கம் மாத்திட்டேன்."

கொட்டகைக்குள் போய், கையிலிருந்த துண்டை வெளிச்சத்தில் பார்த்தேன். மரத்தின் முகத்தில் பசை முழுதாக, கண்ணாடி போல இருந்தது. லேத்தில் மாட்டியிருந்த மறுபாதியில் பித்தளை சுத்தமாக இருந்தது. அதில் என் மூக்கு தெரிந்தது. மரத்தை விடாத பசை பித்தளையை மட்டும் ஏன் விட்டது என்று கேட்டேன். அவர் அடுத்த தகட்டை எடுத்தார். அதை எப்படிச் செய்கிறார் என்று பார்த்தேன். வெட்டினார். ஓரத்துப் பிசிரை அரத்தால் எடுத்தார். பாலிஷ் தடவி, பனியன் துணியால் தேய்த்தார். கடைசியில் துளி எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தார். எண்ணெய் எதற்கு என்றதற்கு அவர் கையைப் பார்த்துக்கொண்டார்.

"பழக்கம் சார். மெஷின்ல இருந்து இறங்குற பீஸு துருப்பிடிக்கக் கூடாதுல்ல."

டீயோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றார். "யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?"

"ஃபினிஷிங்."

"ஒட்டுற பக்கத்துக்கு இன்னாத்துக்கு ஃபினிஷிங்கு? எங்க லைன்ல ரப்பர் ஒட்ட இப்பிடி பளபளன்னு பீஸ் வந்தா அப்பிடியே ரிஜெக்ட்டு. எமெரி போட்டு சொரசொரன்னு ஆக்கி, தின்னர்ல தொடச்சி, அப்பறம் வெரலே படக் கூடாது."

"பித்தளைல கீறல் போடச் சொல்றியா?"

"உள்ள போறத எவன் பாக்கப் போறான்? உன் மாமியாளா?"

என்னைப் பார்த்தார் டர்னர். நான் டீயைக் குடித்தேன்.

எமெரி உப்புத்தாளை அவர் தொடவில்லை. மனைவிதான் கீழே சம்மணமிட்டு, மூன்று தகடுகளையும் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். கணவர் வேறு பக்கம் திரும்பி மரத்தை அறுத்தார். தின்னர் தொட்ட துணி கருத்துப்போய் வந்தது. ஓரத்தை மட்டும் பிடித்து ஒவ்வொன்றாக மனைவி நீட்ட, கணவர் பசை தடவி அடுக்கி வைஸ் இடுக்கியில் இறுக்கினார். ஒன்பது மணிக்குள் முடிந்தது. அன்று முழுவதும் கொட்டகைக் கதவு பூட்டியே இருந்தது. மதியம் ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு டர்னர் திரும்பியதைக் கண்டேன்.

ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து சட்டையை மாற்றிக்கொண்டு துளையிட ஆரம்பித்தார். சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் எண்ணெய்ப் புட்டிக்குக் கை இரண்டு முறை தானாகப் போனது. இரண்டு முறையும் மனைவி "ஹூம்" என்றார். கொஞ்சம் துளையிடுவது, பிட்டை வெளியே எடுப்பது, பசை இளகாமல் ஆற விடுவது. பித்தளையைத் தொடும்போது சத்தம் மாறும். அப்போதெல்லாம் மூவரும் ஓரடி பின்வாங்கினோம். துளை மறுபக்கம் வந்தது. உளியை வைத்ததும் முதலில் பழுப்புத் தூள், பிறகு வெள்ளைத் தூள், நடுவில் மஞ்சளாக ஒரு பொடி. பன்னிரண்டே முக்காலுக்கு லேத்தை நிறுத்தினார். மூன்று வளையங்களும் இருந்தன. நகத்தால் தடவிப் பார்த்தேன். மரம் முடிந்து உலோகம் தொடங்கும் இடம் விரலுக்குத் தெரியவில்லை.

"கீறல் தெரிதா?" என்று கேட்டார் மனைவி.

"பேசாத இரு," என்று ரீஃபிலைத் துளைக்குள் சொருகினார் கணவர்.

திங்கட்கிழமை மாலை ஷிஃப்ட் பஸ்ஸில் வந்திறங்கிய மனைவி கேட்டருகிலேயே விஷயத்தைச் சொன்னார். ஆணையின் மூன்று படிகளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். எதிரே இருந்த மேலாளர் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, அதே பேனாவை வாங்கி மூன்றிலும் கையெழுத்திட்டார்.